பள்ளிக்கூடத்துக்குப் பெயரான வெறிப்புலி

கனடா நாட்டில் டொரண்டோ மாநகருக்கு மேற்கே மில்டன் என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூரில் 2010-ஆம் ஆண்டு புதிய அரசுப் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வைப்பதென்றால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? ஒரு புனிதரின் பெயரை வைப்போம். நாட்டுக்கு உழைத்த தலைவரின் பெயரை வைப்போம். நிலம் தந்த வள்ளலின் பெயரை வைப்போம். மில்டன் ஊரார் வைத்த பெயர் ‘டைகர் ஜீத் சிங் பள்ளி’.

யார் இந்த டைகர் ஜீத் சிங்? பஞ்சாபில் பிறந்து, கனடாவில் குடியேறி, ஜப்பானில் பெயர் பெற்ற தொழில்முறை மல்லர். பெயர் பெற்றார் என்றால் நல்ல பெயர் என்று எண்ணிவிட வேண்டாம். தலையில் தலைப்பாகை, கையில் வாள், கண்ணில் வெறி. இப்படித்தான் அவர் கோதாவுக்கு வருவார். வரும் வழியில் நாற்காலிகள் கவிழும். கூட்டம் அலறிக்கொண்டு சிதறும். ஜப்பானியர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘இந்தியாவின் வெறிப்புலி’ என்பதாகும்.

ஒரு நாட்டுக் குழந்தைகளை நடுநடுங்க வைத்தவரின் பெயர் இன்னொரு நாட்டுக் குழந்தைகளின் பள்ளிக்கு எப்படி வந்தது? இக்கேள்விக்கு விடை காண நாங்கள் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மல்யுத்தம் இரு வகை

முதலில் ஓர் ஐயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மல்யுத்தம் என்று நாம் ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் இரண்டு வெவ்வேறு தொழில்கள்.

ஒன்று, விளையாட்டு. மண் கோதாவிலோ மெத்தை விரிப்பிலோ இருவர் பிடி போட்டு, ஒருவரை ஒருவர் மல்லாக்கச் சாய்க்க முயல்வது. யார் வெல்வார் என்பது ஆட்டம் முடியும்வரை எவருக்கும் தெரியாது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மராட்டிய மாநிலத்துக் கே.டி. ஜாதவ் வெண்கலப் பதக்கம் வென்றது இந்த வகையில்தான். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் அரியானாவின் சாக்ஷி மாலிக் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்வீராங்கனை என்ற சிறப்பைப் பெற்றதும் இதில்தான். பெண்களுக்குக் குஸ்தி எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அது தக்க பதிலாக அமைந்தது.

மற்றொன்று, தொழில்முறை மல்யுத்தம். தொலைக்காட்சியில் நாம் காண்பது இதுவே. இதில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்கும். நான்கு பக்கமும் கயிறு கட்டிய சதுர மேடையில், விளக்கொளியில், ஆயிரக்கணக்கானோர் கண் முன்னே உடம்பால் நடிக்கப்படும் நாடகம் அது. நெடுங்காலம் இவ்வுண்மையை அத்தொழிலார் வெளியே சொன்னதில்லை. 1989-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில்தான் அது வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. விளையாட்டுப் போட்டிகளுக்குரிய அரசுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, இது போட்டியன்று, கேளிக்கையே என்று அன்றைய பெரிய மல்யுத்த நிறுவனமே அரசிடம் எடுத்துக் கூறியது.

அப்படியானால் எல்லாம் பொய்தானே என்று கேட்கலாம். முடிவு மட்டுமே எழுதி வைக்கப்பட்டது, விழுவது உண்மை. அந்த மேடை பஞ்சு மெத்தையன்று. பலகைகளின்மேல் மெல்லிய திண்டு. அதன்மேல் இழுத்துக் கட்டிய முரட்டுத் துணி. அவ்வளவே. அதில் விழுகிறவர் தலையின் பின்புறம் அடிபடாதபடி முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். அப்போதுதான் அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். இந்தப் பயிற்சியே பல மாதம் பிடிக்கும். பழகியவர்க்கும் ஆபத்து நீங்குவதில்லை. மித்சுஹாரு மிசாவா என்னும் ஜப்பானியர் அக்கலையில் கைதேர்ந்தவர். 2009 ஜூன் மாதம் ஹிரோஷிமா நகரில் வழக்கமான ஓர் ஆட்டத்தில் விழுந்தவர் எழவேயில்லை. ஆகவே தங்கைகளே, தம்பிமாரோடு கட்டிலின்மேல் ஏறி இந்த வித்தைகளைச் செய்து பார்க்க வேண்டாம் என்று இவ்விடத்திலேயே சொல்லி வைக்கிறோம்.

பாவும் ஊடையும்

நாடகம் என்றால் பாத்திரங்கள் வேண்டும். தொழில்முறை மல்யுத்தத்தில் பாத்திரங்கள் இரண்டே: நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர். நல்லவர் விதிப்படி ஆடுவார். கெட்டவர் நடுவர் திரும்பி நிற்கும்போது கண்ணில் குத்துவார். கயிற்றில் கழுத்தை நெரிப்பார். நம் செட்டியார்பட்டித் தறிகளில் பாவு மட்டும் இருந்தால் துணி ஆகுமா? ஊடை குறுக்கே ஓட வேண்டும். அதுபோலக் கெட்டவர் குறுக்கே வந்தால்தான் இந்த ஆட்டமும் ஆட்டமாகும்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. வீட்டிலுள்ள தாத்தாக்களிடம் கேட்டுப் பாருங்கள்; ‘கிங்காங் – தாராசிங்’ என்றதும் அவர்கள் முகம் மலரும். கிங்காங் என்பவரின் இயற்பெயர் எமில் சாயா. இன்று ருமேனியாவைச் சேர்ந்த பிரசோவ் நகரில் 1909-இல் பிறந்த அங்கேரியர். மலை போன்ற உடம்பும் தாடியும் கொண்ட அவர் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கூட்டத்தை மிரட்டும் வில்லனாக விளங்கினார். தாராசிங் 1928-இல் அமிர்தசரசு மாவட்டத்துத் தர்முசக் கிராமத்தில் பிறந்தவர். 1954-இல் ‘ருஸ்தமே இந்த்’ பட்டம் பெற்றவர். 1968 மே மாதம் பம்பாயில் லூ தெஸ் என்ற அமெரிக்கரை வென்று உலக வீரர் எனப்பட்டவர். 1987-இல் தொடங்கிய தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக நடித்தவரும் அவரே. தாராசிங் உத்தமராகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம், எதிரே கிங்காங் அரக்கனாகத் தெரிந்ததே. அந்த அரக்கர் 1970-இல் சாலை விபத்தில் அடிபட்டுச் சிங்கப்பூரில் மறைந்தார். தாராசிங் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்து 2012-இல் காலமானார். வென்றவரைப் போற்றுகிறோம், வெல்ல வைத்தவரை எத்தனை பேர் நினைக்கிறோம்?

சுஜாபூர் இளைஞர்

இனி நம் கதாநாயகருக்கு, அல்லது வில்லனுக்கு, வருவோம்.

1944-இல் பஞ்சாபில் லூதியானா மாவட்டத்துச் சுஜாபூர் கிராமத்தில் ஒரு சீக்கியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஜக்ஜீத் சிங். இளமையிலேயே கனடாவுக்குப் புறப்பட்டுப் போனார். அந்நாளில் கனடாவில் இந்தியர் மிகச் சிலரே. தலைப்பாகை கட்டியவரைத் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த காலம் அது.

அங்கே அவருக்கு வாய்த்த குரு பிரெட் அட்கின்ஸ். நியூசிலாந்தில் பிறந்த இந்தப் பழைய மல்லர் கண்டிப்புக்குப் பெயர் போனவர். பின்னாளில் ஜப்பானின் பெருமல்லராகத் திகழ்ந்த ‘ஜயண்ட்’ பாபாவுக்கும் பயிற்சி தந்தவர் இவரே. சீடரின் பாய்ச்சலைக் கண்டு அட்கின்ஸ் வைத்த பெயர்தான் ‘டைகர்’ என்பர். குருவும் சீடரும் 1960களின் நடுவில் டொரண்டோவில் இணையாகக் கோதாவில் இறங்கினார்கள். அந்நகரின் மேப்பிள் லீப் கார்டன்ஸ் அரங்கில் சில ஆண்டுகளுக்குள் டைகர் ஜீத் சிங் முதல் வரிசை மல்லராகிவிட்டார்.

கனடாவில் முதலில் அவர் கெட்டவர். பிறகு மெல்ல மெல்லக் கூட்டம் அவரைக் கைதட்டி வரவேற்கத் தொடங்கியது. குடியேறி வந்த இந்தியர்களுக்கு, பெரிய அரங்கில் தங்கள் தலைப்பாகை நிமிர்ந்து நிற்பதைக் காண்பது ஒரு பெருமிதம். ஆனால் அவருடைய பெயர் நிலைபெற்ற இடம் வேறு. அது பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் இருந்தது.

ஷின்ஜுகு கடைத்தெருவில்

ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தம் வேரூன்றிய கதை விந்தையானது. இரண்டாம் உலகப் போரில் தோற்று நொந்திருந்த மக்களுக்கு 1954-இல் ரிக்கிடோசான் என்ற வீரர் கிடைத்தார். அமெரிக்கர்களாகக் காட்டப்பட்ட ஷார்ப் சகோதரர்களை அவர் வெட்டுக்கை வீச்சால் வீழ்த்தியபோது, தெருவில் வைத்திருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் பெருங்கூட்டம் ஆரவாரித்தது. அன்றுமுதல் அயல்நாட்டான் கெட்டவன், ஜப்பானியன் நல்லவன் என்பது அங்கே எழுதாத சட்டமாயிற்று. ரிக்கிடோசானின் சீடர் அந்தோனியோ இனோகி. அவர் 1972-இல் ‘நியூ ஜப்பான்’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். தொடங்கிவிட்டாரே தவிர, பெயர் பெற்ற அயல்நாட்டு மல்லர்கள் அவரிடம் வரவில்லை. அவர்களெல்லாம் போட்டி நிறுவனமான பாபாவின் பக்கம் இருந்தார்கள். இனோகிக்கு ஒரு நல்ல கெட்டவர் தேவைப்பட்டார்.

1973-இல் டைகர் ஜீத் சிங் ஜப்பானுக்குப் போனார். அவர் அறிமுகமான விதமே புதுமை. பார்வையாளர் நடுவில் அமர்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து, மேடைமீது ஏறி, ஆடிக்கொண்டிருந்தவரைத் தாக்கினார். யார் இந்த ஆள் என்று நாடே பேசியது.

அதே ஆண்டு நவம்பரில் நடந்ததை ஜப்பானிய இரசிகர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டோக்கியோவில் ஷின்ஜுகு என்பது சந்தடி மிகுந்த கடைத்தெரு. அங்குள்ள இசேத்தான் என்னும் பெரிய அங்காடிக்கு இனோகி தம் மனைவியோடு வந்திருந்தார். அம்மையார் மித்சுகோ பைஷோ பெயர் பெற்ற நடிகை. பட்டப்பகலில், போவோர் வருவோர் நடுவே, டைகர் ஜீத் சிங்கும் தோழர்களும் பாய்ந்து இனோகியை அடித்தார்கள். இனோகிக்கு இரத்தம் வழிந்தது. கண்டவர்கள் பதறிக் காவல்துறையை அழைத்தார்கள். காவல்துறையினர் விசாரித்தபோது, இந்தக் கணக்கைக் கோதாவிலேயே தீர்த்துக்கொள்கிறோம் என்று இனோகியின் தரப்பார் சொல்லிவிட்டார்கள். அது முன்னேற்பாடா, உண்மையா என்ற வாதம் பல்லாண்டு நீடித்தது. ஒன்று மட்டும் உறுதி: அடுத்த ஆட்டங்களுக்குக் கூட்டம் குவிந்தது.

1974 ஜூன் 26-இல் ஒசாகா நகரில் இருவரும் மோதினார்கள். சினம் தலைக்கேறிய இனோகி எதிராளியின் கையை முறுக்கினார். ஆட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டது. ‘கை முறித்த சண்டை’ என்றே அது பேசப்படுகிறது. 1975 மார்ச் மாதம் ஹிரோஷிமாவில் டைகர் ஜீத் சிங் இனோகியை வென்று என்.டபிள்யூ.எப். பட்டத்தைக் கைப்பற்றினார். ஜூன் மாதம் இனோகி அதைத் திரும்பப் பெற்றார். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்த ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வரும். புதிய நிறுவனம் காலூன்றியதற்கு டைகர் ஜீத் சிங் பெருங்காரணம் என்பதை ஜப்பானிய மல்யுத்த வரலாறு அறிந்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

வாளின் எந்தப் பக்கம்?

இங்கே வாசகர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. டைகர் ஜீத் சிங்கின் கையில் இருந்தது வாள்தான். ஆனால் அவர் அடித்தது பெரும்பாலும் கூர்முனையால் அன்று, பிடியால். பார்ப்பவர் கண்ணுக்கு வாள் பளபளக்கும். எதிராளியின் உடம்புக்குப் பிடி மட்டும் படும். இந்தத் தொழிலின் இரகசியம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கிவிடுகிறது. எவ்வளவு கொடுமையாகத் தோன்ற வேண்டுமோ அவ்வளவு தோன்ற வேண்டும். எவ்வளவு காக்க வேண்டுமோ அவ்வளவு காக்கவும் வேண்டும்.

ஒருவரைத் தலைக்குமேல் தூக்கி எறியும் காட்சியை எண்ணிப் பாருங்கள். தூக்கப்படுகிறவர் அந்த நொடியில் தம் கழுத்தையும் முதுகெலும்பையும் தூக்குகிறவர் கையில் ஒப்படைக்கிறார். வீட்டில் அவருக்கு மனைவி உண்டு, மக்கள் உண்டு. கை சற்றுத் தவறினால் அவர்கள் கதி என்ன? கோதாவில் பகைவராக நிற்கும் இருவரும் ஒருவரை ஒருவர் முழுமையாக நம்பினால்தான் ஆட்டம் நடக்கும். நண்பர்களுக்கு இடையில்கூட அத்தகைய நம்பிக்கை எளிதில் கிடைப்பதன்று.

கெட்டவர் வேடத்துக்கு இன்னொரு சுமையும் உண்டு. நல்லவருக்கு மாலையும் கைதட்டலும். கெட்டவருக்கு வசவும் கூச்சலும். சில சமயம் பறந்து வரும் செருப்பும். அந்தக் காலத்து வில்லன்கள் மேடையை விட்டு இறங்கிய பிறகும் வேடத்தைக் கலைக்கக் கூடாது. நல்லவர் சாப்பிடும் உணவகத்தில் கெட்டவர் சேர்ந்து சாப்பிடக் கூடாது. தெருவில் ஒரு குழந்தை சிரித்தால்கூட முறைத்துவிட்டுப் போக வேண்டும். தம் நல்ல பெயரைத் தாமே அடகு வைத்துச் சம்பாதிக்கும் தொழில் என்று இதைச் சொல்லலாம்.

அச்சம் யாருடையது?

இதுவரை சொன்னது அவர் திறமை. இனிச் சொல்வது சற்றே கசப்பானது. ஆனாலும் சொல்ல வேண்டியது.

மல்யுத்த மேடையில் கெட்டவருக்குப் போடப்படும் உடை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பார்வையாளர்களின் மனத்திலுள்ள அச்சத்திலிருந்துதான். போருக்குப் பின் அமெரிக்க மேடைகளில் கெட்டவர்கள் ஜெர்மானியராகவும் ஜப்பானியராகவும் இருந்தார்கள். ‘பேரன் வான் ராஷ்கி’ என்ற கொடிய ஜெர்மானியர் உண்மையில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தவர். ‘ஷேக்’ என்ற பெயரில் அரபு உடையணிந்து, தீப்பந்து வீசி, பொதுவில் ஆங்கிலமே பேசாமல் அச்சுறுத்தியவர் எட்வர்ட் பர்ஹத். அவர் பிறந்தது மிச்சிகன் மாநிலத்தில். ஜப்பானியர் கைகொட்டி மகிழ்ந்த அந்த 1954-ஆம் ஆண்டு ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அமெரிக்கர்’ எனப்பட்ட ஷார்ப் சகோதரர்கள் கனடாவின் ஹாமில்டன் நகரத்துக்காரர்கள். ‘ஜப்பானின் வீரர்’ ரிக்கிடோசான் கொரியாவில் பிறந்தவர். அதை அவர் வெளியே சொல்லாமல் மறைத்து வாழ வேண்டியிருந்தது. மேடையில் யார் எந்த நாட்டவர் என்பதை உண்மை தீர்மானிக்கவில்லை. பார்ப்பவர்களின் விருப்பும் வெறுப்புமே தீர்மானித்தன.

அதே வழியில்தான் தலைப்பாகையும் வாளும் ஜப்பானில் வெறியின் அடையாளமாயின. சீக்கிய சமயத்தில் குறுவாள் என்பது எளியோரைக் காக்கும் கடமையை நினைவூட்டும் சின்னம். தலைப்பாகை இறைப்பற்றின், தன்மானத்தின் சின்னம். அவற்றைக் கண்டு ஒரு நாடு அலறும்படி செய்தவர் ஒரு சீக்கியரே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பிழைப்புக்காகச் செய்தார் என்று சிலர் சொல்வர். தம் மதச் சின்னத்தை இப்படிச் செய்யலாமா என்று வேறு சிலர் கேட்பர். இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. எனினும் குற்றத்தை வேடம் போட்டவர்மேல் மட்டும் ஏற்றுவது சரியாகாது. அயலாரின் உடையைக் கண்டதும் அஞ்சும் மனம் முதலில் பார்வையாளரிடம் இருந்தது. அவர் அதற்குக் கண்ணாடி பிடித்தார்.

பின்னால் வந்தவர்கள் நாட்டை விட்டுவிட்டுச் சாவையே வேடமாக்கினார்கள். தொலைக்காட்சியில் நம் பையன்கள் கண்டு மிரண்ட, சீட்டுப் படங்களாகச் சேர்த்து வைத்த ‘அண்டர்டேக்கர்’ அவ்வகையைச் சேர்ந்தவர். கருப்பு அங்கி, கருப்புத் தொப்பி, மணியோசை, இருட்டு. அவருக்குப் பல உயிர்கள் உண்டு என்றுகூடச் சிறுவர்கள் பேசிக்கொண்டார்கள். இயற்பெயர் மார்க் காலவே, டெக்சாஸ் மாநிலத்தவர், கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். 1990 நவம்பர் 22-இல் அவ்வேடத்தில் தோன்றியவர், சரியாக முப்பது ஆண்டு கழித்து 2020 நவம்பர் 22-இல் விடைபெற்றார். அவர் அருகே கலசம் ஏந்தி நின்ற ‘பால் பேரர்’ மேடைக்கு வெளியே உண்மையாகவே இறுதிச் சடங்குத் தொழில் படித்தவர். அவ்வளவு அச்சுறுத்திய அண்டர்டேக்கரை 2006-இல் வீழ்த்தியவர், பஞ்சாப் காவல்துறையில் பணிபுரிந்த தலீப் சிங் ராணா என்ற இந்தியர். ‘கிரேட் காளி’ என்பது அவர் மேடைப் பெயர். அவரையும் முதலில் அரக்கனாகத்தான் காட்டினார்கள். சாவைக் கண்டு அஞ்சுவது எல்லா மனிதருக்கும் பொது; அயல்நாட்டானைக் கண்டு அஞ்சுவது நாமாக வளர்த்துக்கொள்வது. முன்னது வேடமாகும்போது யாருக்கும் தீங்கில்லை. பின்னது வேடமாகும்போது, தெருவில் நடந்து போகும் ஓர் அப்பாவியும் அந்தப் பார்வைக்கு ஆளாகிறான்.

பகைவர் தோளோடு தோள் நின்ற நாள்

1981-இல் டைகர் ஜீத் சிங் இனோகியை விட்டு, பாபாவின் ‘ஆல் ஜப்பான்’ நிறுவனத்துக்குச் சென்றார். பல ஆண்டுகள் அங்கும் வாள் சுழன்றது. பிறகு 1990-இல் ஒரு செய்தி இரசிகர்களை வியப்பில் ஆழ்த்தியது. இனோகி கோதாவில் இறங்கி முப்பது ஆண்டு நிறைவதையொட்டிச் செப்டம்பர் 30-இல் யோகோஹாமா அரங்கில் விழா ஏற்பாடாகியிருந்தது. இருவர் இருவராக மோதும் ஆட்டம். அந்த நாளில் தமக்குத் துணையாக நிற்க இனோகி யாரைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? கடைத்தெருவில் தம்மை அடித்த டைகர் ஜீத் சிங்கை!

பதினேழு ஆண்டுப் பகை அன்று ஒரே மூலையில் நின்றது. தம் புகழைக் கட்டி எழுப்பியவர் யார் என்பதை இனோகி அறிந்திருந்தார். ஜப்பானின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர் 2022-இல் காலமானார்.

டைகர் ஜீத் சிங்கின் மகன் குர்ஜீத்தும் தந்தை வழியில் மல்லரானார். ‘டைகர் அலி சிங்’ என்ற பெயரில் 1990களின் இறுதியில் அமெரிக்க மேடைகளில் பணத்திமிர் பிடித்த செல்வராக வேடமிட்டார். தந்தைக்கு வாள், மகனுக்குப் பணக்கட்டு. கெட்டவர் வேடம் மட்டும் குலத்தொழிலாகத் தொடர்ந்தது.

மில்டனிலோ அவர்கள் வேறு முகத்தோடு வாழ்ந்தார்கள். ஜப்பானில் சேர்த்த பணத்தை டைகர் ஜீத் சிங் கனடாவில் நிலத்திலும் தொழிலிலும் இட்டுச் செல்வந்தரானார். தம் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவினார். கிறிஸ்துமஸ் காலத்தில் ஏழைக் குழந்தைகளுக்காக மில்டன் வீதியில் பொம்மைகள் திரட்டி வழங்கும் விழாவை அக்குடும்பம் ஆண்டுதோறும் முன்னின்று நடத்தியது. கிறிஸ்துமஸ் அன்று தன் குழந்தைக்கு ஒரு பொம்மைகூட வாங்க வழியில்லாத தாய்க்கு, கொடுப்பவர் எந்த மதத்தார், எந்த நாட்டார் என்ற கேள்வி எழுமா? சீக்கியர் ஒருவர் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சியைத் தம் ஊர்க் குழந்தைகளோடு பங்கிட்டுக்கொண்டார். அந்த ஊரார்தாம் அவரை வாளோடு பார்த்ததைவிடப் பொம்மையோடு மிகுதியாகப் பார்த்தவர்கள். பள்ளிக்குப் பெயர் வைத்தவர்களும் அவர்களே.

வேடம் கலைந்த பின்

இதில் நமக்குப் புதியது ஒன்றுமில்லை என்று பெற்றோர் சொல்லலாம். உண்மைதான். நம் பக்கத்துத் திருவிழாக்களில் அரிச்சந்திர நாடகம் நடக்கும்போது, சந்திரமதியைத் துன்புறுத்தும் காலகண்டன் வேடக்காரரைப் பாட்டிமார் வாய் ஓயாமல் ஏசுவார்கள். விடிந்ததும் அதே மனிதருக்கு மோர் கொடுத்து அனுப்புவார்கள். திரைப்படத்தில் எம்.என். நம்பியார் கையைப் பிசைந்து கொண்டு வந்தால் அரங்கமே பல்லைக் கடித்தது. அவரோ வாழ்க்கையில் மதுவும் புலாலும் தொடாதவர். சபரிமலைக்கு ஆண்டுதோறும் அடியார்களை அழைத்துச் சென்ற குருசாமி. பலாப்பழத்துக்கு வெளியே முள் என்று நம் முன்னோர் அறியாமலா சொன்னார்கள்?

ஆனால் வேடத்தையும் ஆளையும் பிரித்தறியும் இந்த நல்ல அறிவை நாடக மேடைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வகுப்பறையிலும் தெருவிலும் மறந்துவிடுகிறோம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது வேடம் என்றால் ஒருத்தியும் முன்வருவதில்லை. துணிந்து போட்டவளையும் அடுத்த கிறிஸ்துமஸ் வரை ‘ஏரோது’ என்றே கூப்பிடுகிறோம். புதிதாய்ச் சேர்ந்த மாணவியின் பேச்சு வேறாக இருந்தால், உடை வேறாக இருந்தால், அவளுக்கு நாமே ஒரு வேடத்தைப் போட்டுவிட்டுப் பிறகு அந்த வேடத்தைக் கண்டே விலகி நிற்கிறோம். அவள் என்ன செய்தாள்? ஒன்றுமில்லை. உள்ளே இருப்பவளை ஒரு முறையேனும் பேசிப் பார்த்து அறிய நாம் முயன்றதில்லை, அவ்வளவே.

வரும் ஆண்டு விழாவில் கெட்டவர் வேடம் நம்மில் ஒருத்திக்கு வந்தால் அதை மகிழ்ச்சியோடு ஏற்போம். நன்றாகச் செய்வோம், வாளின் பிடியால் மட்டும் அடிப்போம். திரை விழுந்ததும் எதிரே நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே இறங்குவோம். பார்த்துக்கொண்டிருந்த தோழியரும் அந்த வேடத்தை மேடையிலேயே விட்டுவிட்டு, தங்கள் தோழியை மட்டும் வீட்டுக்கு அழைத்துப் போகட்டும்.